நடுச்சந்தியில் நிறுத்தாதே

சாவைப் பற்றிப் பேசுவதில் மாஸ்டரை மிஞ்ச ஆள் கிடையாது. அது அடுத்தவர் சாவாக இருந்துவிட்டால் இன்னும் பிரமாதமாகப் பேசுவார்.

டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவருக்கும் சாவுக்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. "பக்கத்து ஸீட்ல சாவை உட்கார வச்சுக்கிட்டு தினமும் ஊரைச் சுத்தறவன் நான்" என்பார். அவர் சொல்லும் சாவு, கழுத்தை நெரிப்பது போல ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கல்லூரிப் பெண்ணாகவோ, ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியாராகவோ இருக்கும். போதாததற்கு, பழக்கும் காரில் மாஸ்டரின் காலடியிலும் தனியாக ஒரு பிரேக் உண்டு. சாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஊர் சுற்றிய வீரர், அந்த பிரேக்கின் மேலிருந்து தன் காலை ஒரு நாளும் எடுத்ததில்லை. இதை அவர் மனைவி கவனித்திருக்கிறாள். மாஸ்டரம்மா கவனிக்காத விஷயம் அந்த வீட்டில் குறைவு.

சொந்தக்காரர், பழைய மாணவர், தெருக்காரர், யாருக்கு நோய் முற்றிப்போனாலும் மாஸ்டருக்குத் தகவல் வந்துவிடும். உடனே வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போடச் சொல்வார். ஆஸ்பத்திரி வராந்தாவில், அழுது களைத்துப்போன குடும்பத்துக்கு நடுவில் போய் நிற்பார். தொண்டையைச் செருமுவார்.

"வண்டி தேஞ்சு போச்சு. இன்னும் எத்தனை தடவை தள்ளித் தள்ளி ஸ்டார்ட் பண்ணுவீங்க? கண்ணியமா அனுப்பி வைங்க."

கேட்கிறவர்கள் உருகிப்போவார்கள். என்ன தெளிவு, என்ன பக்குவம் என்று சொல்லிக்கொள்வார்கள். பக்குவம் வீட்டுக்கு வந்ததும் முதலில் சோப்புப் போட்டுக் கை கழுவும். அப்புறம் நாடி பிடித்துப் பார்த்துக்கொள்ளும். பிறகு, "எனக்கு இன்னிக்கு கொஞ்சம் படபடப்பா இருக்கு, உப்பைக் குறைச்சுப் போடு" என்று சமையலறையைப் பார்த்துக் குரல் கொடுக்கும்.

மாஸ்டரம்மாவின் தம்பி மூளையில் ரத்தம் கட்டிப் படுத்தபோதும் இதே சட்டை, இதே பேச்சு. டாக்டர்கள் கைவிரித்துவிட்டார்கள் என்பது உண்மைதான். தம்பி பிழைக்கப் போவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் மூச்சு மெஷினை எடுக்கும் முன் இன்னும் ஒரு நாள் வேண்டும் என்று தம்பி மனைவி கேட்டாள்.

"ஒரு நாளை வச்சுக்கிட்டு என்னம்மா பண்ணப் போற?" என்றார் மாஸ்டர், எல்லோருக்கும் கேட்கும்படி.

"ஒண்ணும் பண்ண மாட்டேண்ணா. சும்மா பார்த்துட்டு இருப்பேன்."

"அது உன் சுயநலம்மா" என்றார் மாஸ்டர். அழகாகவும் கனிவாகவும் சொன்னார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள். அவர்களுக்காக வாங்கி வந்திருந்த டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

வீடு திரும்பிய மாஸ்டர், நன்றாகச் சாப்பிட்டுவிட்டு, நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, குடும்பத்தின் வாட்ஸப் குழுவில் ஒரு குரல் செய்தி போட்டார். "எல்லாரும் கேட்டுக்குங்க. எனக்கு இப்படி ஒரு நிலைமை வந்தா, என் உடம்புல ஒரு குழாய் கூட ஏறக் கூடாது. மெஷின்ல தொங்கிக்கிட்டு வாழற கோழை நான் இல்ல. அழாம, சிரிச்ச முகமா அனுப்பி வைங்க. இது என் கட்டளை."

வேறு ஊரில் ஒரு பெரிய கம்பெனியில் உயர்ந்த பதவியில் இருக்கும் மகன், கும்பிடும் கை ஒன்றை அனுப்பினான். மகள் அழும் முகம் அனுப்பினாள். மாஸ்டரம்மா முழுவதையும் கேட்டுவிட்டு, "நல்லா இருக்கு மாஸ்டர். பின்னணி இசைதான் குறையுது" என்றாள்.

கல்யாணமாகிப் பிள்ளைகள் பெரியவர்களாகியும் அவள் அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவாள். அவரிடம் கார் ஓட்டப் பழக வந்தவள் அவள். பட்டம் வாங்கிய கையோடு லைசென்ஸும் வாங்கிவிட வேண்டும் என்று வந்தாள். மாஸ்டர் பாடம் நடத்தும்போது வாயால் அதிகம் சொல்ல மாட்டார். பழகுகிறவர்கள் பேசுகிறவன் வாயைப் பார்ப்பார்கள், ரோட்டைக் கோட்டை விட்டுவிடுவார்கள் என்பது அவர் அனுபவம். அதனால் எல்லாமே டாஷ்போர்டில் தட்டுத்தான். ஒரு தட்டு என்றால் நிறுத்து. இரண்டு தட்டு என்றால் நிறுத்தாதே, போய்க்கொண்டே இரு. முதல் நாளே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்.

இரண்டு தட்டு அதிகம் தேவைப்படுவது நாற்சந்தியில். புதிதாக ஓட்டுகிறவர்கள் சந்திக்குள் பாதி நுழைந்த பிறகுதான் பயப்படுவார்கள். பயந்ததும் பிரேக்கை அழுத்துவார்கள். வண்டி நடுச்சந்தியில் நின்றுபோகும். நாலு பக்கமும் ஹாரன் அலறும். அவளும் அப்படித்தான் ஒரு நாள் நின்றாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. பக்கத்திலிருந்து மெதுவாக இரண்டு தட்டு. திரும்பிப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவே இல்லை, எதிரே ரோட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடியும் இரண்டு தட்டு. அவள் காரைக் கிளப்பி ஓட்டிக்கொண்டு போனாள். இப்படி வாயைத் திறக்காமல் தைரியம் சொல்லத் தெரிந்த ஒருவரைக் கட்டிக்கொள்ளலாம் என்று அன்றைக்குத் தோன்றியது. கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது, காருக்குள் மிச்சம் பிடித்த பேச்சையெல்லாம் அவர் வெளியில் செலவழிக்கிறார் என்று.

பிள்ளைகளுக்கு இந்தத் தட்டுக் கதையெல்லாம் தெரியாது. கூரையில் பெரிய ஸ்கூல் போர்டு வைத்த அப்பாவின் காரில் போனால் மானம் போகும் என்று மகன் வேறு ஸ்கூலில் பழகினான். மகள் பின் ஸீட்டில் உட்கார்ந்து வழி சொல்லும் ரகம்.

மாஸ்டருக்கு இருமல் வந்தது. தூசி என்றார். காய்ச்சல் வந்தது. வெயில் என்றார். மூச்சு வாங்கியபோதும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்ல மூச்சு போதவில்லை. எக்ஸ்ரே அறை வாசலில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர், உள்ளே தள்ளிக்கொண்டு போக ஆள் வந்ததும் மாஸ்டரம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டார்.

"விடுங்க, படம்தான் எடுக்கப் போறாங்க."

"நீயும் வா."

"உள்ள விடமாட்டாங்க மாஸ்டர்."

"ஒண்ணும் இருக்காதுல்ல?"

எத்தனையோ வராந்தாக்களில் முழங்கிய வாய் அது. அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. தலைப்பை விடுவிக்க அவருடைய விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது.

இரண்டு நுரையீரலிலும் கடுமையான நிமோனியா. தீவிர சிகிச்சைப் பிரிவில் படுக்க வைத்தார்கள். முதலில் முகமூடி. அது போதாமல், தூக்க மருந்து கொடுத்து வாய் வழியாகக் குழாய் இறக்கி, மூச்சு மெஷினில் போட்டார்கள். கட்டளையை எல்லோரும் மறந்திருந்த அவசரத்தில் அது நடந்துவிட்டது. நாட்கள் போயின. நிலைமை மோசமாகவும் இல்லை, தேறவும் இல்லை. மகன் விமானத்தில் வந்து இறங்கினான். அவன் வந்ததும் எல்லோருக்கும் கட்டளை ஞாபகம் வந்தது.

குடும்பத்தோடு பேசுவதற்கென்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறை இருந்தது. பிளாஸ்டிக் பூக்கள், ஒரு டிஷ்யூ பெட்டி, யாருக்கும் உட்கார வசதியில்லாத சோபா. டாக்டர் நடுத்தர வயதுப் பெண். சுற்றி வளைக்காமல் பேசினார்.

"வாய் வழியா போட்ட குழாயை இதுக்கு மேல வச்சிருக்க முடியாது. தொண்டையில ஒரு துளை போட்டு, அது வழியா மெஷினை இணைக்கணும். தேறி வர வாய்ப்பு இருக்கு. சின்ன வாய்ப்புன்னு சொல்ல மாட்டேன். நிச்சயம்னும் சொல்ல மாட்டேன். வாரக் கணக்குல ஆகும், கஷ்டமா இருக்கும். வேண்டாம்னா, வலியில்லாம பார்த்துக்கிட்டு மெஷினை எடுத்துடலாம். இதுல நான் கேட்கிறது உங்க விருப்பத்தை இல்ல. அவரோட விருப்பம் என்னன்னு யாருக்காவது தெரியுமா?"

"எல்லாருக்கும் தெரியும்" என்று மகன் செல்போனை எடுத்து மேஜைமேல் வைத்தான்.

மாஸ்டரின் குரல் அந்தச் சின்ன அறையை நிறைத்தது. மெஷினில் தொங்கிக்கொண்டு வாழும் கோழை இல்லையாம். சிரித்த முகமாக அனுப்ப வேண்டுமாம். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் அவருக்காக மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. மகள் விம்மினாள். டாக்டர் பிளாஸ்டிக் பூக்களைப் பார்த்தார்.

"இதுக்கு மேல என்ன ஆதாரம் வேணும்?" என்றான் மகன். அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் கலங்கிய கண்ணோடும் கம்பெனிக் கூட்டத்தில் பேசுகிற மாதிரியே பேச அவனுக்கு வந்தது. "அப்பாவோட மதிப்பீடுகளை நாம மதிக்கணும். நாம இழுத்துப் பிடிக்கிறது நம்ம சுயநலம்."

சுயநலம். அந்தச் சொல் யாருடைய பெட்டியிலிருந்து வந்தது என்று மாஸ்டரம்மாவுக்குத் தெரியும். தம்பி மனைவியின் முகம் ஞாபகம் வந்தது. கூடவே இன்னொன்றும் வந்தது. எட்டிப் பார்த்த அந்த நினைப்பை அவளே முறைத்தாள். ஊருக்கெல்லாம் இந்தக் கஷாயத்தை ஊற்றிக் கொடுத்தாயே மாஸ்டர், இப்போது நீயும் ஒரு மடக்குக் குடி. இதுதான் அந்த நினைப்பு. நல்ல பெண்களுக்கு இப்படியெல்லாம் தோன்றாது என்று சொல்வார்கள். தோன்றியது. தித்திப்பாகக் கூட இருந்தது.

"அம்மா, நீங்க ஒரு வார்த்தை சரின்னா..."

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வெளியே வந்தாள்.

வராந்தாவில் தம்பி மனைவி நின்றிருந்தாள். கையில் ஃப்ளாஸ்க். தினமும் வந்து, பார்க்கிற நேரம் முடியும்வரை கண்ணாடிக்கு வெளியே நின்றுவிட்டுப் போகிறவள் அவள். மாஸ்டரம்மா அவளிடம் எல்லாவற்றையும் சொன்னாள், அந்தத் தித்திப்பைத் தவிர. அவள் ஃப்ளாஸ்க் மூடியில் டீ ஊற்றி நீட்டினாள்.

"அவர்கிட்ட கேட்டீங்களா அண்ணி?"

"யார்கிட்ட?"

"அண்ணன்கிட்டதான். வேற யார்கிட்ட கேட்பாங்க? என் வீட்டுக்காரர் கண்ணே திறக்கல, கேட்க வழியில்லாம போச்சு. இவருக்குத் தூக்க மருந்தைக் குறைச்சா முழிப்பு வரும்னு நர்ஸ் சொன்னாங்களே."

மாஸ்டரம்மா டீயைக் குடிக்காமல் அவளையே பார்த்தாள்.

"என்ன பார்க்கிறீங்க? எனக்கு அவர் மேல கோபம் தீரல. தீரவும் தீராது. அவர் குணமாகி வீட்டுக்கு வந்தா மூஞ்சிக்கு நேரா நாலு வார்த்தை கேட்கணும்னு வச்சிருக்கேன். அதுக்காகவாவது முழிச்சு எழுந்திரிக்கட்டும்." மூடியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "நான் ஒரு நாள் கேட்டேன். அவருக்கும் ஏதாவது கேட்கணும்னு இருக்கோ என்னவோ. போய்க் கேளுங்க."

மாஸ்டரம்மா அறைக்குத் திரும்பிப் போய் அதையே சொன்னாள். மகன் அதிர்ந்துபோனான்.

"அம்மா! அந்த நிலைமையில இருக்கிற மனுஷனை எழுப்பி, இருக்கணுமா போகணுமான்னு கேட்கிறது எவ்வளவு கொடுமை!"

"எழுப்பாம நாமளே முடிவு பண்றதுக்குப் பேர் கருணையா?"

"மருந்து மயக்கத்துல, பயத்துல, எதையாவது காட்டுவார். அதை எப்படி நம்பறது? தெளிவா இருந்தப்போ சொன்னதுதானே நிஜமான அப்பா?"

கேள்வி நியாயமாகத்தான் இருந்தது. டாக்டரே நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அன்னிக்கு உங்கப்பா தெளிவா இருந்தார்னு யார் சொன்னா? வயிறு நிறைஞ்சிருந்துச்சு, அவ்வளவுதான். அடுத்தவன் செத்த அன்னிக்கு, சாப்பிட்டு முடிச்சுட்டு, நாற்காலியில சாய்ஞ்சுக்கிட்டுப் பேசினது அது. அதுவும் அவர்தான், இல்லேங்கல. உள்ள படுத்திருக்கிறதும் அவர்தான்டா. இவருக்கும் ஒரு வாய்ப்புக் கொடு."

"குழாயைப் பிடுங்கப் பார்க்கிறார்னு கையைக் கட்டி வச்சிருக்காங்க. அதுவே பதில் இல்லையா?"

"எல்லாருமே பிடுங்குவாங்க" என்றார் டாக்டர். "தொண்டையில குழாய் இருந்தா நீங்களும் பிடுங்குவீங்க. அதுக்கு அர்த்தம் எதுவும் கிடையாது. அம்மா சொல்றது சரி. நாளைக்குக் காலையில மருந்தைக் குறைக்கறேன். பதில் கிடைக்கும்னு மட்டும் உறுதி தர முடியாது."

மறுநாள் காலை ஜன்னல் திரையை விலக்கியிருந்தார்கள். வெளிச்சத்தில் மாஸ்டர் சின்னதாகத் தெரிந்தார். கன்னம் ஒட்டி, வாயோரம் குழாயை ஒட்டிய பிளாஸ்திரியோடு, மீசை ஒரு பக்கமாகக் கலைந்து கிடந்தது. மீசைக்கு வீட்டில் தனிச் சீப்பு வைத்திருக்கிற மனுஷர். நர்ஸ் வலது கையின் துணிக்கட்டை அவிழ்த்துவிட்டு, எதற்கும் பக்கத்திலேயே நின்றார்.

கண் திறந்தது. கூரையைப் பார்த்தது. மெஷினைப் பார்த்தது. ஒவ்வொரு முகமாகப் பார்த்தது.

"மாஸ்டர், நான் பேசறது கேட்குதா? கேட்டா கண்ணை மூடித் திறங்க" என்றார் டாக்டர். கண் மூடித் திறந்தது. தானாக மூடியதா, கேட்டு மூடியதா என்று தெரியவில்லை. டாக்டர் நிலைமையை எளிமையாகச் சொன்னார். தொண்டையில் துளை, மெஷின், வாரங்கள். பாதியிலேயே மாஸ்டரின் கண் ஜன்னல் பக்கம் போய்விட்டது.

மகன் குனிந்தான். அப்பாவின் நெற்றியில் கை வைத்தான். அந்தமட்டில் அவன் நல்ல பிள்ளைதான்.

"அப்பா, நீங்க எங்களுக்குச் சொன்னது எல்லாமே ஞாபகம் இருக்குப்பா. அந்த மாதிரியே செய்யறோம். பயப்படாதீங்க. நிம்மதியா போங்க."

மாஸ்டரின் வலது கை கட்டிலின் பக்கக் கம்பியைத் தேடியது. விரல் மடங்கியது. டொக், டொக்.

"சரின்னு சொல்றார்" என்று மகன் உடைந்து அழுதான். மகள் அவன் தோளில் சாய்ந்துகொண்டாள். "பார்த்தீங்களாம்மா? தைரியமா சரின்னு சொல்லிட்டார்."

டொக், டொக்.

மாஸ்டரம்மா கையைப் பார்க்கவில்லை. கட்டிலின் எதிர்ப்பக்கம் நின்ற டாக்டரின் காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவருடைய வலது கால் செருப்பு, ஆக்ஸிலரேட்டரை மிதிப்பது போல, தரையை மெதுவாக அழுத்தியிருந்தது. டாக்டரும் அப்போதுதான் அதைக் கவனித்தார்.

"டாக்டர், நீங்க எங்க ஸ்கூல்லயா ஓட்டப் பழகினீங்க?"

"ஆமாம்மா" என்றார் டாக்டர். "ரெண்டு தடவை டெஸ்ட்ல ஃபெயிலானேன். என்னை நாற்சந்தின்னா நடுங்க வச்சவர், அப்புறம் நடுங்காம போக வச்சவர்."

"என்ன பேசறீங்க ரெண்டு பேரும்?" என்றான் மகன்.

"உங்கப்பா சரின்னு சொல்லலடா. ஒரு தட்டுன்னா நிறுத்து. ரெண்டு தட்டுன்னா நிறுத்தாதே, போய்க்கிட்டே இரு. எங்ககிட்ட பழகின எவரைக் கேட்டாலும் சொல்வாங்க. பெத்த பிள்ளைகளுக்குத்தான் தெரியல."

"இது வெறும் கை நடுக்கமா இருக்கலாம்மா. நாம கேட்க ஆசைப்படறதைத்தான் நாம கேட்போம்."

"இருக்கலாம்" என்றார் டாக்டர். "சோதிச்சுப் பார்த்துடுவோம். நிறுத்துன்னு அவர் கட்டாயம் சொல்லக்கூடிய ஏதாவது ஒண்ணைக் கேளுங்கம்மா."

மாஸ்டரம்மா குனிந்தாள். கலைந்த மீசையை விரலால் ஒதுக்கிவிட்டாள்.

"மாஸ்டர், முதல்ல இதைச் சொல்லுங்க. மெஷினை நிறுத்திடவா?"

டொக், டொக். கம்பி அதிர்ந்தது.

"சரி. அன்னிக்கு ஒரு வீரவசனம் பேசி அனுப்பினீங்களே, ஒரு குழாய் கூட ஏறக் கூடாதுன்னு? அதை இப்போ இங்க எல்லாருக்கும் போட்டுக் காட்டட்டுமா?"

கை அப்படியே நின்றது. மாஸ்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டார். பிறகு, கேட்டும் கேட்காமலும், ஒரே ஒரு தட்டு.

நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். மகன் கட்டிலின் கால்மாட்டில் போய் உட்கார்ந்து இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். மாஸ்டரம்மாவுக்கு முந்தைய நாளின் தித்திப்பு இப்போது நாக்கில் கசந்தது. அந்தக் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். "நடுச்சந்தியில நிக்கறோம், அவ்வளவுதான். நான் ஓட்டறேன். சும்மா படுங்க."

துளை போட்டார்கள். வாரங்கள் போயின. டாக்டர் சொன்னதைவிடக் கஷ்டமாகவே இருந்தது. ஒரு கட்டத்தில் மகன் எண்ணியதே சரியோ என்று மாஸ்டரம்மாவே சந்தேகப்பட்டாள். ஆனாலும் தினமும் காலையில் அவரிடம் கேட்டாள். தினமும் இரண்டு தட்டு. ஒரு நாள் மெஷின் இல்லாமல் மூச்சு விட்டார். கழுத்தில் ஒரு தழும்போடும் கரகரத்த குரலோடும் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து புது மனிதராகத் திரும்பி வருவது கதைகளில் நடக்கும். மாஸ்டர் பழைய மாஸ்டராகத்தான் வந்தார்.

"தட்டினேனா? நானா? மருந்து வேகத்துல கை ஆடியிருக்கும்."

"ஒரு தட்டும் ஆடினதுதானா?"

"எந்த ஒரு தட்டு?"

ஊருக்குக் கிளம்பும் முன் மகன் அவர் எதிரில் வந்து நின்றான். "அப்பா, நான் உங்களை..." என்று ஆரம்பித்து, முடிக்கத் தெரியாமல் திணறினான். மாஸ்டர் அவன் முதுகில் தட்டிக் கொடுத்தார். "நீ எடுத்தது நல்ல முடிவுடா. தைரியமான முடிவு. உங்கம்மாதான் உணர்ச்சிவசப்பட்டுட்டா."

மாஸ்டரம்மா கையிலிருந்த கரண்டியைப் பார்த்தாள், கீழே வைத்தாள். "அப்போ அந்தக் குரல் செய்தி? அழிச்சுடலாமா, இருக்கட்டுமா?"

"இருக்கட்டும். பொதுவா நல்ல கருத்துதானே" என்றார் மாஸ்டர்.

தம்பி மனைவி மட்டும் சொன்னபடி செய்யவில்லை. ஒரு நாள் வந்தாள், மாஸ்டரை மேலும் கீழும் பார்த்தாள், "நல்லா இருக்கீங்களா அண்ணா?" என்று கேட்டாள், போய்விட்டாள். நாலு வார்த்தை கேட்டிருந்தால் மாஸ்டர் பதிலுக்கு நாற்பது பேசியிருப்பார். அவள் அதற்கு வழியில்லாமல் செய்துவிட்டாள். அன்று முழுக்க அவர் நாற்காலியில் சாய்ந்து உட்காரவே இல்லை.

பிறகுதான் தெருமுனை லாண்டரிக்காரர் வந்தார். அவருடைய அப்பாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. மெஷினில் ரத்தம் சுத்தம் செய்வதைத் தொடரலாமா, விட்டுவிடலாமா என்று அண்ணன் தம்பிகளுக்குள் சண்டை. "நீங்க ஒரு வார்த்தை வந்து சொன்னா எல்லாரும் அடங்குவாங்க மாஸ்டர்."

கேட்கவா வேண்டும்? வெள்ளைச் சட்டை வெளியே வந்தது. தழும்பு தெரியாமல் கழுத்தில் ஒரு துண்டும் ஏறியது. மாஸ்டரம்மாதான் கார் ஓட்டினாள். ஓட்டிய காலுக்கு உள்ளே வரவும் உரிமை உண்டு என்று கூடவே போய் உட்கார்ந்தாள்.

இஸ்திரி போட்ட துணி மூட்டைகளுக்கு நடுவே குடும்பம் கூடியிருந்தது. உள் அறைக் கதவு பாதி திறந்திருந்தது; உள்ளே கட்டிலில் பெரியவர். மாஸ்டர் நடுவில் நின்றார். தொண்டையைச் செருமினார்.

"வண்டி தேஞ்சு போச்சுன்னா..."

மாஸ்டரம்மா நாற்காலியின் மரக்கையில் ஒரு தட்டுத் தட்டினாள்.

சத்தம் பெரிதில்லை. ஆனால் மாஸ்டர் பிரேக் போட்ட வண்டி மாதிரி நின்றார். வலது கால் தரையை அழுத்தியிருந்தது. காத்திருந்தவர்கள் அவர் முகத்தையே பார்த்தார்கள். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி சுவரில் இருந்த மின்விசிறி சுவிட்சைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் துண்டைச் சரிசெய்துகொண்டார். கரகரத்த குரலில், "பெரியவர் முழிச்சிருக்காரா?" என்றார்.

"இருக்கார்."

"அவர்கிட்ட கேட்டீங்களா?"

தானே கண்டுபிடித்தது போலத்தான் கேட்டார். மாஸ்டரம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணன் தம்பிகளோ ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். யாரும் கேட்டிருக்கவில்லை.

பதில் உள் அறையிலிருந்தே வந்தது. "போதும்பா. என்னால இனி அந்த மெஷினுக்குப் போய் வர முடியாது. இங்கயே இருக்கேன். முதல்ல அந்த வெள்ளைச் சட்டையை வெளிய அனுப்புங்க, தலை வலிக்குது."

திரும்பி வரும்போது மாஸ்டர் கழுத்துத் துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். சாதாரணக் காரில் அவர் பக்கம் பிரேக் கிடையாது. ஆனாலும் கால் அழுத்திக்கொண்டேதான் வந்தது. சந்தி நெருங்கியபோது வாயைத் திறந்தார்.

"தம்பி வீட்டுப் பக்கம் போகலாமா?"

"எதுக்கு? அங்க யாரும் சாகக் கிடக்கல."

"பேசறதுக்கு இல்ல. சும்மா கொஞ்ச நேரம் உட்கார்ந்துட்டு வரலாம்னு."

அவள் அவரைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க வாயைத் திறந்தா தட்டுவேன்."

"தட்டு."

"நிறைய தட்ட வேண்டி வரும் மாஸ்டர். கை வலிக்கும்."

பின்னால் ஒருவன் ஹாரன் அடித்தான். அவளை அறியாமல் வேகம் குறைந்து, வண்டி சந்திக்குள் பாதியில் நின்றிருந்தது. மாஸ்டர் டாஷ்போர்டில் இரண்டு தட்டுத் தட்டினார். அவள் தம்பி வீட்டுப் பக்கம் வண்டியைத் திருப்பினாள்.